கார்டில் யார் மூச்சு?

பிப்ரவரி 6

தம்பிக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய். "சிக்னல் இல்லக்கா" என்கிறாய். நாற்பது மீட்டர் உயரத்தில் கிரேன் கேபினில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சிக்னல் இல்லையாம், கீழே புழுதியில் நிற்பவனுக்கெல்லாம் இருக்கிறதாம். அதனால் இனிமேல் கடிதம்தான். எப்படியும் மாதாமாதம், நீ மாட்டித் தூங்க வேண்டிய அந்த மூச்சு மிஷினிலிருந்து கணக்குப் பதிகிற கார்டை உருவி எனக்குத் தபாலில் அனுப்பியாக வேண்டும். அந்த உறையிலேயே பதிலையும் போடு.

முதல் மாதக் கார்டைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்து மேசைப் பெண் எழுந்து வந்துவிட்டாள். கார்டின்படி, ஜனவரி எட்டாம் தேதி இரவு பத்து மணிக்கு மாஸ்க்கை மாட்டியிருக்கிறாய். காலை நாலரை வரை கழற்றவில்லை. சபாஷ். ஆனால் அந்த ஆறரை மணி நேரத்தில் நீ ஒரு மூச்சுகூட விடவில்லை. மறுநாளும் அப்படியே. மொத்தம் பத்தொன்பது இரவு. பத்தொன்பது தடவை செத்து, பத்தொன்பது தடவை எழுந்து குளித்து வேலைக்குப் போன ஆளை எங்கள் டாக்டர் இதுவரை பார்த்ததில்லை. அவர் கண்ணில் படுவதற்குள் கார்டை டிராயரில் போட்டுப் பூட்டினேன். மாஸ்க்கை எதற்குடா மாட்டினாய்? தலையணைக்கா?

உன் தூக்க டெஸ்ட் ரிசல்ட்டை நீ மடித்துச் சட்டைப்பையில் வைத்ததோடு சரி என்று தெரியும். அதனால் மறுபடி எழுதுகிறேன். தூக்கத்தில் மணிக்கு நாற்பத்துமூன்று தடவை உனக்கு மூச்சு நிற்கிறது. ஒரு தடவை ஐம்பத்தோரு விநாடி நின்றிருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் எழுபத்தொன்றுக்கு இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மூளை பதறிப்போய் உன்னை அரைகுறையாக உலுக்கி எழுப்புகிறது. பிரஷர் எகிறுகிறது, இதயம் அடித்துப் பிடித்து ஓடுகிறது. நீ தூங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் இதயம் விடிய விடிய மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. வருஷக்கணக்கில் இது நடந்தால் பிரஷர் இறங்கவே இறங்காது, இதயத்துடிப்பு தாளம் தப்பும், பக்கவாதம் வரைக்கும் போகும். இருபத்திரண்டு வருஷமாக இதய கிளினிக்கில் எக்கோ எடுக்கிறேன். திரையில் தடித்துப்போன இதயச் சுவரைப் பார்த்தால் "குறட்டை விடுவீங்களா?" என்று கேட்பேன். படுத்திருப்பவர் இல்லை என்பார். நிற்கிற மனைவி ஆமாம் என்பாள்.

போன நவம்பரில் கம்பிக்கட்டை அந்தரத்தில் தொங்கவிட்டு ஆறு நிமிஷம் தூங்கினாய். கீழே வாக்கிடாக்கியில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். அதற்குத்தான் உன் கம்பெனி உன்னை இங்கே அனுப்பியது. மூன்று மாதம், தினமும் நாலு மணி நேரமாவது மாஸ்க் மாட்டித் தூங்கியதற்குக் கார்டு சாட்சி சொல்ல வேண்டும். நான் கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் கொடுத்தால்தான் அதற்கப்புறமும் உனக்குக் கேபின். இல்லையென்றால் தரையில் கயிறு கட்டும் வேலைதான். இது உனக்கும் தெரியும்.

கார்டைத் துடைத்து அனுப்பியிருக்கிறேன். மனிதனாக மாட்டு.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

தலையணைக்கு இல்லை. ஹெல்மெட்டுக்கு.

கோபப்படாமல் கேள். எங்கள் சைட்டில் எந்தப் புதுச் சாதனம் வந்தாலும் ஆளை வைத்துச் சோதிக்க மாட்டோம். முதலில் ஒரு டம்மி சுமையைக் கட்டித் தூக்கிப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில், மிஷின் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒரு நாள் என் ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்து மாஸ்க்கை மாட்டினேன். நன்றாகப் பொருந்தியது. மணி ஓடுவதை மட்டும்தான் எண்ணும் என்று நினைத்தேன், மூச்சையும் எண்ணும் என்று யாருக்குத் தெரியும்? நீ சொல்லியிருக்கலாம். காலையில் ஹெல்மெட் மாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உன் தம்பி பெண்டாட்டி "யாருங்க விருந்தாளி?" என்று கேட்டாள். பத்தொன்பது நாளும் கேட்டாள்.

நீ அங்கே குளிர்ந்த அறையில் உட்கார்ந்து சட்டம் பேசுகிறாய். எனக்கு அதை மாட்டினால் யாரோ மூஞ்சியைப் பொத்துகிற மாதிரி இருக்கிறது. மீசை வழியாகக் காற்று சீறி நேராகக் கண்ணுக்குள் போகிறது. மீசையை எடு என்று சொல்லிவிடாதே. சைட்டில் என்னை மேல்வீட்டுக்காரர் என்று கூப்பிடுகிறார்கள். இருபத்தாறு வருஷமாக மேலே இருப்பவன். ஒரு தடவை ஆறு நிமிஷம் கண்ணயர்ந்ததற்கு இந்தப் பாடா? கீழே நிற்கிறவர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே தூங்குகிறார்கள், அவர்களுக்கு மிஷின் இல்லை.

இன்னொன்று சொல்கிறேன், திட்டாதே. அப்பாவும் இப்படித்தான் குறட்டை விட்டார். அவருக்கு என்ன ஆயிற்று? ஒருத்தருக்கும் தொந்தரவு கொடுக்காமல் தூக்கத்திலேயே போனார். "கொடுத்து வச்ச சாவு" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அப்படி வந்தால் போதும்.

சரி, மார்ச்சிலிருந்து மாட்டுகிறேன். நீயும் கொஞ்சம் கண்டும் காணாமல் கையெழுத்துப் போடு. தம்பிக்குப் போடாமல் யாருக்குப் போடப் போகிறாய்?

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

அப்பாவைப் பற்றி அப்படி இன்னொரு தடவை எழுதாதே. வந்தவர்கள் ஆயிரம் சொல்வார்கள், அவர்களா அந்த வீட்டில் படுத்திருந்தார்கள்? அதை எழுத எனக்கு இப்போது மனசு வரவில்லை. அப்பா ஐம்பத்திரண்டில் போனார். உனக்கு இப்போது ஐம்பது. அதை மட்டும் யோசி.

மாஸ்க் மாட்டினால் மூஞ்சியைப் பொத்துகிற மாதிரிதான் முதலில் இருக்கும். பகலில் டீவி பார்க்கும்போது அரைமணி நேரம் மாட்டிப் பழகு. கேபினில் கண்ணாடித் தரைமேல் உட்கார்ந்து நாற்பது மீட்டர் கீழே பார்க்கப் பழகியவனுக்கு இது முடியாதா?

உன் வீட்டுக்காரிக்குப் பிரஷர் எப்படி இருக்கிறது? மூன்று மாத்திரை போட்டும் நூற்று அறுபதுக்குக் கீழே வரவில்லை என்றாளே. காலையில் எழும்போதே தலைவலி, பகலெல்லாம் அசதி என்றும் சொன்னாள். உன் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்தால் கல்லுக்கும் தலைவலி வரும். உன்னோடு சேர்த்து அவளையும் நான்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் மாதக் கார்டு இத்துடன் இருக்கிறது. எடுத்துப் பார். ஒரு நாள் விடவில்லை. சும்மா தம்பி தம்பி என்று கரித்துக்கொட்டினாயே, இப்போது என்ன சொல்லப் போகிறாய்?

மாஸ்க் பழகிவிட்டது. ஒன்றுமே தெரியவில்லை. மாட்டியதும் தூக்கம், முழித்தால் காலை. மிஷின் நல்ல மிஷின்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வீட்டில் ஒரு அதிசயம் நடந்திருக்கிறது. உன் தம்பி பெண்டாட்டிக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. போன வாரம் பார்க்கப் போனாள். நூற்று முப்பத்தாறு. நர்ஸ் நம்பாமல் கருவியை மாற்றி இன்னொரு தடவை பார்த்தாராம். காலைத் தலைவலியும் இல்லை. நாலு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்த தையல் மிஷினை இழுத்து வைத்துக்கொண்டு ஜன்னலுக்கெல்லாம் திரை தைக்கிறாள். நான் குறட்டை விடாததால் அவளுக்கு நல்ல தூக்கம், வேறென்ன? பார்த்தாயா, ஒரு மிஷினில் இரண்டு பேருக்கு லாபம்.

எனக்குத்தான் கிரேன் ஏணி கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஏறும்போது, நடுவில் நின்று இளைப்பாறுகிற மூன்றாவது தட்டில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சுக்குள் கூடையில் போட்ட மீன் மாதிரி துடித்தது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. வெறும் வயிற்றில் டீ குடித்ததுதான் காரணம். இப்போது பிஸ்கட்டோடு குடிக்கிறேன்.

கையெழுத்தைச் சீக்கிரம் போட்டுவிடு. மே மாதம் புதுக் கட்டடம் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் கம்பெனியிலேயே உயரமான கிரேன் அங்கேதான் வருகிறது. அதில் எனக்குத்தான் இடம் என்று இன்ஜினியர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

உன் கடிதத்தில் "அன்புள்ள" என்று பார்த்ததுமே ஏதோ ஒளிக்கிறாய் என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட்டை ஒளித்துவைத்த நாளில்தான் நீ என்னை அன்பாகக் கூப்பிடுவாய்.

கார்டு பிரமாதம். முப்பத்தோரு இரவு, சராசரி எட்டு மணி நேரம். படித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு சந்தோஷப்பட்டேன். அது ஒரு நிமிஷம்தான். அப்புறம் என் தொழில் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

காற்றுக் கசிவு என்று ஒரு கோடு வரும். உன் டெஸ்ட் அன்று இங்கே அது மலை மாதிரி இருந்தது, உன் மீசைதான் காரணம். இந்தக் கார்டில் கசிவே இல்லை. மீசையை எடுத்துவிட்டாயா? நீயா? உன் தொண்டையைத் திறந்து வைக்க மிஷினுக்கு அழுத்தம் பதினாலு வேண்டியிருந்தது. இதில் எட்டைத் தாண்டவில்லை. ஒரு மூச்சுக்கு உள்ளே போகிற காற்று உன் உடம்புக்கு வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான். எல்லாவற்றுக்கும் மேல், நீ ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவன். கார்டில் தினமும் மாஸ்க் கழல்வது ஆறேமுக்காலுக்கு. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஏணி ஏறினாயா?

யார் காதில் பூ சுற்றுகிறாய்? முதல் கார்டில் ஹெல்மெட், இரண்டாவது கார்டில் பெண்டாட்டி.

இதில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, உட்கார்ந்து படி. அவளுக்கும் மூச்சு அடைக்கிறது. முதல் நாலைந்து இரவும் அடைப்பு வர வர மிஷின் காற்றைக் கூட்டிக் கூட்டித் திறந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் நிம்மதியாக ஓடுகிறது. மூன்று மாத்திரைக்கு மசியாத பிரஷர் ஏன் இறங்கியது என்று இப்போது புரிகிறதா? நீ குறட்டை விடாததால் இல்லை. இத்தனை வருஷமாக அவளுக்கும் இதே நோய். பெண்களுக்கு எல்லாருக்கும் உன்னைப் போல ஊரைக் கூட்டும் குறட்டை வராது. தலைவலி, அசதி என்று வரும், வயசாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடுவார்கள். உன் சத்தத்தில் அவள் சத்தம் யாருக்குக் கேட்கும்? இருபத்திரண்டு வருஷம் இதே வேலை பார்க்கிற எனக்கே தோன்றவில்லை. "கல்லுக்கும் தலைவலி வரும்" என்று உன் மேல் பழியைப் போட்டு எழுதினேனே, என்னை எதால் அடித்துக்கொள்வது?

அடுத்தவருக்கு எழுதிக்கொடுத்த மிஷினை இப்படி மாட்டிப் பார்ப்பது தப்பு. அவளுக்கு முறையாக டெஸ்ட் செய்ய வேண்டும். ஏற்பாடு செய்கிறேன்.

அப்புறம் அந்த மீன். அது டீயும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. ஒரு மாதம் மாஸ்க் இல்லாமல் தூங்கியவன் ஏணியில் உட்கார்ந்திருக்கிறான், அதை மூன்று வரியில் எழுதிவிட்டுக் கிரேனைப் பற்றிப் பெருமை பேசுகிறான். இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே போய் ஈசிஜி எடு. மறுநாள் இல்லை, அன்றே.

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

சரி. கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். சந்தோஷமா?

இது அவள் யோசனைதான். நான் பிப்ரவரி கடைசியில் கார்டைப் போடாமல் மூன்று நாள் மாட்டிப் பார்த்துவிட்டு நடு ராத்திரியில் பிடுங்கி எறிந்தேன். "குடுங்க, நான் மாட்டிக்கிறேன். உங்க வேலை போயிடக் கூடாது" என்று வாங்கிக்கொண்டாள். எனக்காகத்தான் செய்தாள், அவளை ஒன்றும் சொல்லாதே. ஐந்து மணிக்குக் கழற்றிவிடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் எழுந்தால்தானே? அலாரம் அடிக்கிறது, நான் குளிக்கிறேன், கதவைச் சாத்துகிறேன், அவள் அசையவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

இப்போது என் நிலைமையைக் கேள். உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு, சரி தொலையட்டும், இன்று நான் மாட்டுகிறேன் என்று கேட்டேன். கொடுக்க மாட்டேன் என்கிறாள். "உங்களுக்குத்தான் பிடிக்கலையே" என்கிறாள். என் பேரில் வந்த மிஷின். என் வீட்டில் நானே கெஞ்ச வேண்டியிருக்கிறது. குறட்டை விட்டு அவளை எழுப்பாமல் அடுத்த அறையில் போய்ப் படுக்கிறேன், போதுமா?

ஈசிஜி எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். எடுத்தால் அது நேராகக் கம்பெனி டாக்டருக்குப் போகும். அதில் ஒரு கோடு கோணலாக இருந்தால் என் கதை முடிந்தது. மேலே போன முதல் நாளிலிருந்து இன்றுவரை கீழே வேலை செய்தவன் இல்லை நான். அங்கே ஏறி உட்கார்ந்தால்தான் நான் ஒரு ஆள். கீழே கயிறு கட்டிக்கொண்டு, நேற்று வந்தவன் மேலே இருந்து "தள்ளி நில்லுங்க" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது. இதை உனக்கு எப்படிப் புரியவைப்பது?

இந்த ஒரு தடவை போட்டுவிடு. புதுக் கிரேனில் உட்கார்ந்துவிட்டேன் என்றால் அப்புறம் ஆயுள் முழுக்க மாட்டுகிறேன், சத்தியமாக. போட முடியாது என்றால் இனிமேல் கடிதமும் வேண்டாம், விசாரிப்பும் வேண்டாம். எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

கையெழுத்துப் போடவில்லை. கார்டு உன்னுடையது இல்லை என்று எழுதி டாக்டரிடம் கொடுத்துவிட்டேன். நெஞ்சு துடித்ததையும் சொன்னேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்கு முன்னால் கம்பெனியிலிருந்து உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள். திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும் இன்னொன்றையும் எழுதப் போகிறேன். முப்பத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. உன் மாமாவிடம்கூடச் சொன்னதில்லை.

அப்பா ஹாலில் படுப்பார். அவர் குறட்டை தாங்காமல் அம்மா பின்னறைக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. நீ அம்மாவோடு படுத்தாய். ஹாலை ஒட்டிய அறையில் நான். எனக்கு மறுநாள் காலேஜில் பரீட்சை. புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்தால் தூங்க முடியவில்லை, அவ்வளவு சத்தம். காதில் பஞ்சு வைத்தேன், தலையணையை மேலே போட்டு அமுக்கினேன். கோபம் கோபமாக வந்தது. இந்த மனுஷன் கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டாரா என்று வாய்விட்டுச் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன்.

எப்போதும் அவர் குறட்டை நடுவில் நிற்கும், அப்புறம் ஒரு பெரிய உறுமலோடு மறுபடி ஆரம்பிக்கும். அது நமக்கெல்லாம் பழக்கம். நீகூட அதை நடித்துக் காட்டி எங்களைச் சிரிக்கவைப்பாய். அன்று நின்றது. உறுமலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? "அப்பாடா" என்று தோன்றியது. திரும்பிப் படுத்து நன்றாகத் தூங்கினேன். பத்தடி தூரம்தான். எழுந்து போய் ஒரு தடவை அவர் தோளை உலுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். ஆனால் நான் போகவில்லை. மறுநாள் வந்தவர்கள் எல்லாரும் கொடுத்து வைத்த சாவு என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

அதனால்தான் பரீட்சை எழுதாமல் இந்தப் படிப்புக்கு வந்தேன். உங்களுக்கெல்லாம் வேறு காரணம் சொன்னேன்.

இப்போது நீ கேட்கிறாய், கண்டும் காணாமல் ஒரு கையெழுத்து. கேட்டும் கேட்காமல் ஒரு தடவை இருந்தாயிற்று, தம்பி. இன்னொரு தடவை என்னால் முடியாது. என்னோடு பேசாதே, எழுதாதே, அக்கா செத்துவிட்டாள் என்றுகூடச் சொல்லிக்கொள். அதைச் சொல்ல நீ உயிரோடு இருக்க வேண்டும், எனக்கு அது போதும்.

அவளுக்கு அடுத்த வியாழக்கிழமை இங்கே டெஸ்ட். நீ வராவிட்டாலும் அவளை அனுப்பு.

அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

கார்டு அனுப்ப வேண்டியிருப்பதால் எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

கீழேதான் நிற்கிறேன். ஒரு மாதம் ஆகிறது. கயிறு கட்டுகிறேன், கொக்கி மாட்டுகிறேன், கையைக் காட்டுகிறேன். புதுக் கிரேனில் என்னிடம் பழகியவன் உட்கார்ந்திருக்கிறான். முந்தாநாள் மைக்கில் "மேல்வீட்டுக்காரரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. இதற்கெல்லாம் நீதான் காரணம் என்று உன் மேல் கோபம் இருக்கிறது. தீரவில்லை. எப்போது தீரும் என்றும் தெரியாது.

கம்பெனி டாக்டர் ஈசிஜி எடுத்தார். எடுக்கும்போதே அவர் முகம் மாறியது. தாளம் தப்பித்தான் அடிக்கிறதாம். இப்படியே விட்டால் இதயத்துக்குள் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைக்கும் என்றார். ஏணியில் போய்க்கொண்டிருக்கும்போது அது நடந்திருந்தால் என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்புக்கு ஒரு மாத்திரை. மாஸ்க் மாட்டாமல் இந்த மாத்திரைகளை மட்டும் நம்ப வேண்டாம் என்று உன் குரலிலேயே சொன்னார். உங்கள் எல்லாருக்கும் ஒரே காலேஜா?

மீசையை எடுத்துவிட்டேன். சைட்டில் இரண்டு பேருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இதைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதக் கூடாது.

அவளுக்கு மணிக்கு இருபத்தாறு தடவை மூச்சு நிற்கிறது என்று டெஸ்டில் நீயே பார்த்துச் சொன்னாய். மிஷின் வந்துவிட்டது. இப்போது கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. பாதிக் குழாய் என் கழுத்தில், பாதி அவள் கழுத்தில். காலையில் சிக்கெடுத்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போகிறோம். அவளுக்கு ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள்.

கார்டைப் பார்க்கும்போது ஒன்று கவனி. நடுநடுவே இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் மாஸ்க் கழன்றிருக்கும். திருட்டுத்தனம் என்று உடனே டாக்டரிடம் ஓடாதே. அது அவள் வேலை. இத்தனை வருஷம் என் குறட்டை கேட்டால் நான் இருக்கிறேன் என்று அவள் பாட்டுக்குத் தூங்கியிருக்கிறாள். இப்போது சத்தமே இல்லையா, பயந்துபோய் எழுந்து உட்கார்ந்து என் தோளை உலுக்குகிறாள். "இருக்கீங்களா?" என்கிறாள். மாஸ்க்கைக் கழற்றி "இருக்கேன்" என்று சொன்னால்தான் படுக்கிறாள். ஒரு ராத்திரிக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை. மாஸ்க் பழகிவிட்டது, இந்த இம்சைதான் தாங்கவில்லை. நான் சொன்னால் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பாள், இனிமேல் எழுப்பாதே என்று ஒரு வரி அவளுக்கு எழுது.

ஏப்ரல் கடிதத்தைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அதைப் பற்றி என்னால் எழுத முடியாது. உனக்கு அப்போது பத்தொன்பது வயசு, அக்கா.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

கார்டு வந்தது. முப்பத்தோரு நாளில் இருபத்தெட்டு இரவு மாட்டியிருக்கிறாய். சராசரி ஆறு மணி இருபது நிமிஷம். மூச்சு நிற்பது மணிக்கு மூன்று தடவைதான். அழுத்தம் பதினாலு, கசிவு கொஞ்சம். இது உன் மூச்சுதான், எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். மிச்சம் மூன்று இரவு என்ன ஆயிற்று என்று கேட்கப் போகிறேன், தயாராக இரு. மீசையைப் பற்றி எழுதவில்லை.

இது முதல் மாதம்தான். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்கப்புறம் இதய டாக்டர் ஏணி ஏறலாம் என்று சொல்ல வேண்டும். சொல்வாரா என்று எனக்குத் தெரியாது, பொய் சொல்ல மாட்டேன். கோபத்தை வைத்துக்கொள், அவசரமில்லை.

மாஸ்க் கழன்ற இடங்களை எண்ணினேன். நீ சொன்னதை நம்பாமல் இல்லை, எண்ணாமல் இருக்க முடியவில்லை. அறுபத்தொன்று. ஒரு மாதத்தில் அறுபத்தொரு தடவை ஒருத்தி சத்தம் கேட்கவில்லையே என்று எழுந்து உட்கார்ந்து உன்னைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். கிளினிக்கில் எல்லாரும் சாப்பிடப் போனபிறகு அந்தத் தாளை எடுத்து முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினேன்.

எழுப்பாதே என்று அவளுக்கு எழுத மாட்டேன். வேறு எதைச் சொன்னாலும் எழுதுகிறேன், அதை மட்டும் என்னிடம் கேட்காதே.

முதல் மாதத் தாளில் கையெழுத்துப் போட்டு டாக்டர் மேசையில் வைத்துவிட்டேன். அவள் கேட்கும்போது எரிந்து விழாமல், இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் படு.

அக்கா